நேர்முகத் தேர்வு

எழுத்துத் தேர்வு ஒருவர் கற்ற கல்வியை அளந்து காட்டும். அக்கல்வியைக் கையாளும் மனிதரை அறிவதற்கு நேர்முகத் தேர்வு வேண்டும். பொறுப்பை ஒப்படைக்குமுன் ஆளை ஆராய்ந்து தெளிதல் தமிழர்க்குப் புதிய கருத்தன்று. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே உண்டு.

பணிகள் பலவாதலின் நேர்முகத் தேர்வுகளும் பலவகைப்படும். இந்திய ஆட்சிப் பணி முதலியவற்றுக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வில், தரவரிசைக்குரிய மதிப்பெண்கள் 2025. அவற்றுள் 275 நேர்முகத் தேர்வுக்கு உரியவை. அங்கு நிகழ்வது நோக்கமுடைய இயல்பான உரையாடல். அறிவுக் கூர்மை, தெளிவாக எடுத்துரைக்கும் திறன், நடுநிலை, நேர்மை ஆகியவற்றைத் தேர்வாளர் காண விழைவர். இதற்கு ஆயத்தம் செய்வோர் நாடோறும் செய்தித்தாள் படித்தலோடு, தம் ஊரையும், தாம் கற்ற பாடத்தையும், விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொன்றையும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். தோட்டம் வளர்த்தல் தம் பொழுதுபோக்கு என எழுதிய ஒருவர், செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் உள்ள வேறுபாடு அறியாது விழித்தால், அவருடைய பிற சொற்களும் ஐயத்திற்கு இடமாகும்.

படைத்துறை அலுவலர்க்கான தேர்வு பெரும்பாலும் ஐந்து நாள் நடைபெறும். படம் ஒன்றைக் கண்டு கதை எழுதுதல், குழுவாகத் தடைகளைக் கடத்தல், நேர்காணல் எனப் பலவாறு ஆராய்ச்சி நிகழும். உளநூல் வல்லாரும், குழுப்பணியை நோக்குவோரும், நேர்காண்போரும் தனித்தனியே கண்டவற்றை இறுதியில் ஒருங்கு வைத்து முடிவு செய்வர். ஒரு மணி நேரம் வேடம் புனையலாம். ஐந்து நாள் புனைதல் அரிது. பள்ளிப் பருவத்திலேயே விளையாட்டிலும் பொதுப்பணியிலும் பிறரோடு கலந்து பழகுதலே இதற்கு ஏற்ற ஆயத்தம்.

தொழிற்சாலையில் வாய்ச்சொல்லினும் கைத்திறனுக்கே மதிப்பு மிகுதி. வெல்டிங் தொழிலுக்கு வந்தவரிடம் இரண்டு இரும்புத் தகடுகளைத் தந்து இணைக்கச் செய்வர். அவ்விணைப்பை வளைத்துப் பார்த்தும் சோதிப்பர். முகக் கவசம் அணிய மறந்தவரின் இணைப்பு எத்துணை நேர்த்தியாயினும், அவரிடம் பணியை ஒப்படைக்கத் தேர்வாளர் அஞ்சுவர்.

இக்காலத்தில் கணினித் திரை வழியாகவும் நேர்காணல் நடைபெறுகிறது. அதற்குக் கருவியையும் இணைய இணைப்பையும் முன்னரே சோதித்து, ஓசையற்ற இடத்தில், முகத்தில் ஒளி விழுமாறு அமர்தல் வேண்டும்.

எவ்வகைத் தேர்வாயினும், விடை தெரியாத வினா ஒன்றேனும் எழுதல் இயல்பு. அப்பொழுது, “இதனை அறியேன்” எனப் பணிவுடன் கூறுதல் இழுக்கன்று. அறிந்ததுபோல் புனைந்துரைத்தலே இழுக்கு. மருந்தின் அளவு தெரியாதபோது தெரியாது என்று கூறும் செவிலியர், பிறரைக் கேட்டு அறிந்து நோயாளியைக் காப்பார். தெரிந்ததாக நடிப்பவரால் உயிருக்கே கேடு விளையும். இவ்விருவருள் எவர் தம்முன் அமர்ந்திருக்கிறார் என்பதையே தேர்வாளர் அறிய விரும்புகின்றனர். ஆதலின், தேர்வுக்கு முதல்நாள் உடையையும் சான்றிதழ்களையும் எடுத்து வைத்தால் போதாது. உண்மை பேசும் பழக்கத்தை இளமையிலிருந்தே பேணி வருதல் வேண்டும்.