லாரியில் போகும் நிலத்தடி நீர்

கேள்வி: பக்கத்து மனைக்காரர் போர் போட்டு நாள் முழுக்க லாரியில் தண்ணீர் விற்கிறார். எங்கள் வீட்டு போர் வற்றிவிட்டது. இதைத் தடுக்கச் சட்டமே இல்லையா?
– ஒரு வாசகி, சிவகாசி

பதில்: ஒரு சட்டம் இயற்றப்பட்டது அம்மா. தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம், 2003. சட்டமன்றத்தில் நிறைவேறியும் நடைமுறைக்கு வராமலே பத்து ஆண்டு கிடந்து, 2013-ல் நீக்கப்பட்டது. சென்னைக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் 1987 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. மழை குறைந்த உங்கள் வைப்பாற்றுக் கரிசல் பூமிக்கு அப்படி எதுவும் இல்லை. இது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.

1974-ன் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் உங்களுக்கு உதவாது. அது நீரில் கழிவு கலப்பதைத்தான் கட்டுப்படுத்தும், உறிஞ்சும் அளவை அல்ல.

உங்களுக்குக் கைகொடுப்பது பொதுப்பணித் துறையின் 2014-ஆம் ஆண்டு அரசாணை 142. வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுப்பவர் தடையின்மைச் சான்று பெற வேண்டும். அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பிர்க்கா (வருவாய்க் குறுவட்டம்) என்றால் அந்தச் சான்று கிடைக்காது. இந்த ஆணை செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது.

உங்கள் பிர்க்கா எந்த வகையில் இருக்கிறது, பக்கத்து மனைக்காரரிடம் சான்று உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு, விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். தெருக்காரர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.