காணி, மரணசாதனம், நட்டஈடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மன்னார் மாவட்டத்தில் உயிலங்குளம், முருங்கன், நானாட்டான் பக்கம் ஒரே குடும்பத்திடம் உறுதிக் காணியும் இருக்கும், அரசு தந்த பெர்மிற் காணியும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே சட்டம் என்று நம்பி, தகப்பன் கண்மூடிய பிறகு பிள்ளைகள் அலைகிறார்கள்.

நம்பிக்கை: நொத்தாரிசு எழுதாத மரணசாதனம் செல்லாது.

உண்மை: செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் இரண்டு வழி தருகிறது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒருமிக்க இருக்கும்போது கையொப்பமிடலாம். நொத்தாரிசு இல்லையென்றால் குறைந்தது ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருந்து கையொப்பமிட வேண்டும். அயலவர் இருவரை மட்டும் வைத்து எழுதிய கடதாசி நீதிமன்றத்தில் நிற்காது.

நம்பிக்கை: பெர்மிற் காணியையும் மரணசாதனத்தில் எழுதலாம்.

உண்மை: உறுதிக் காணியைப் போல எழுத முடியாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கிடைத்த காணி, பெர்மிற் என்னும் அனுமதிப்பத்திரமானாலும் அளிப்புப் பத்திரமானாலும், சாதாரண மரணசாதனத்தால் கைமாறாது. அதற்குப் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணியைப் பெறுபவரை, நியமிக்க வேண்டும். அந்த நியமனம், காணிக்காரர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இறந்த பிறகு கொண்டுபோகும் பத்திரத்துக்குப் பெறுமதி இல்லை.

நம்பிக்கை: யாரையும் நியமிக்காவிட்டால் காணி மூத்த மகனுக்கே.

உண்மை: நியமனம் இல்லாவிட்டாலும் முதல் உரித்து உயிரோடிருக்கும் கணவனுக்கு அல்லது மனைவிக்கு. அதற்குப் பிறகு பிள்ளைகள். மகளைப் பின்தள்ளி மகனை முன்வைத்த பழைய ஒழுங்கை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. ஒன்றை மறக்க வேண்டாம்: உரித்துடையவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்காவிட்டால் அந்த உரித்தை இழக்க நேரும். இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் பிள்ளையை நியமித்த குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை: வீதி விபத்தில் பொலிஸ் வழக்கு முடிந்தால் நட்டஈடு தானாக வரும்.

உண்மை: குற்ற வழக்கில் விதிக்கும் தண்டப்பணம் அரசுக்குப் போகும். காயப்பட்டவர் முழு நட்டஈட்டையும் கேட்க மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டப்படி அதற்கான காலம் இரண்டு வருடம் மட்டுமே. பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தே பலர் அந்தக் காலத்தைத் தொலைக்கிறார்கள். விபத்தால் மாற்றுத்திறனாளரானவருக்குப் பிரதேச செயலகம் ஊடாகக் கிடைக்கும் மாற்றுத்திறனாளர் கொடுப்பனவு வறுமைக்கான நலன்புரி உதவி. அதைப் பெறுவதால் நட்டஈடு கேட்கும் உரிமை போகாது.

கையில் காசில்லை என்று ஒதுங்கவும் வேண்டாம். குறைந்த வருமானக்காரருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வழக்காடித் தருகிறது. பெர்மிற் காணி வைத்திருப்பவர்கள் இந்த மாதமே பிரதேச செயலகத்துக்குப் போய், தங்கள் கோவையில் பின்னுரித்தாளர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உடனே பதியுங்கள்.