ஆணிக்கு மூத்தது கழுந்து

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு மரவேலை பழகுகிறேன். ஆணியே அடிக்காமல் ஒரு முக்காலி செய்துவிட வேண்டும் என்று ஆசை. மரத்தை மரத்தோடு கோக்கும் இந்த வித்தையை முதலில் கண்டுபிடித்தது யார்?
– வாசகர், உடுமலைப்பேட்டை

ஆள் பெயர் கிடைக்கவில்லை, வேலை கிடைத்திருக்கிறது. ஜெர்மனியில் லைப்சிக் நகருக்குப் பக்கத்தில் ஆல்ட்ஷெர்பிட்ஸ் என்ற இடத்தைத் தோண்டியபோது, உட்சுவர் முழுக்க ஓக் மரத்தால் கட்டிய ஒரு கிணறு அகப்பட்டது. அதையும் அந்த வட்டாரத்தின் வேறு சில கிணறுகளையும் ஆராய்ந்தவர்கள், மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி 2012இல் வயதைச் சொன்னார்கள். கி.மு. 5206க்கும் 5098க்கும் இடையில் வெட்டிய மரங்கள் அவை. அப்போது அங்கே இரும்பும் இல்லை, வெண்கலமும் இல்லை. கல்லைத் தீட்டிச் செய்த வாச்சிதான் ஆயுதம். அதை வைத்துக்கொண்டு மூலைகளில் காடி வெட்டி மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். அடிச்சட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள்: ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கி, மற்றதில் துளையிட்டு, நாக்கை மறுபக்கம் வெளியே நீட்டி, நீட்டிய பகுதியில் குறுக்கே ஆப்பு அடித்திருக்கிறார்கள். இன்றைய தச்சர் அதைப் பார்த்தால், கழுந்து இறக்கி ஆப்பு வைத்த வேலை என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். தண்ணீருக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் 7,000 ஆண்டு தாண்டியும் மக்கவில்லை.

இதைவிடப் பழைய சான்றும் உண்டு. ஜாம்பியாவின் கலம்போ அருவிக்கரையில், ஒரு மரத்தில் பள்ளம் வெட்டி இன்னொன்றின் மேல் குறுக்கே உட்கார வைத்திருந்ததை 2023இல் அறிவித்தார்கள். வயது ஏறக்குறைய 4,76,000 ஆண்டு. அதாவது, நம் மனித இனம் தோன்றுவதற்கு முந்திய தச்சர்!

ஆணி வந்த பிறகும் கழுந்து ஏன் சாகவில்லை? மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதில்லை. குறுக்குவாக்கில் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். ஆணி அதோடு சேர்ந்து அசையாது, ஆகவே நாளடைவில் துளை தளரும். வெளியே நீட்டி அடித்த ஆப்பு தளர்ந்தாலோ, இன்னும் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். உங்கள் முக்காலிக்கு ஒரு யோசனை. கால் நுனியைக் கீறி இருக்கைப் பலகைக்குள் ஆப்பு இறக்கும்போது, ஆப்பு பலகையின் ரேகைக்குக் குறுக்காக நிற்கட்டும். ரேகையோடு ஒத்து நின்றால் பலகை பிளந்துவிடும்.

கேள்வி: இழைப்புளி தள்ளுவதற்குள் உயிர் போகிறது. இது இல்லாத காலத்தில் மரத்தை எப்படி வழவழப்பாக்கினார்கள்?
– வாசகி, திருநெல்வேலி

1922இல் ஹவார்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறைச் சாமான்களின் படங்களைப் பாருங்கள். அந்த நாற்காலிகளையும் பெட்டிகளையும் செய்த எகிப்தியர் கையில் இழைப்புளி இருந்ததற்குச் சுவடே இல்லை. கல்லறைச் சித்திரங்களில் தச்சுப் பட்டறை முழுவதும் இருக்கிறது, ரம்பம், உளி, வாச்சி எல்லாம் இருக்கின்றன, அது மட்டும் இல்லை. வாச்சியால் மெல்லச் செதுக்கி, மணற்கல்லால் தேய்த்தே அந்த வழவழப்பைக் கொண்டுவந்தார்கள்.

இழைப்புளி நம் கண்ணில் படுவது ரோமர் காலத்தில். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரில் சில கிடைத்தன. அடிப்பாகத்தில் இரும்புத் தகடு வைத்தவை, இன்று பார்த்தாலும் அடையாளம் தெரியும். வாச்சியில் வெட்டின் ஆழத்தைக் கை தீர்மானிக்கிறது. இழைப்புளியிலோ, கட்டைக்கு வெளியே அலகு எவ்வளவு நீட்டியிருக்கிறதோ அவ்வளவுதான் சீவும். பெரிய கண்டுபிடிப்பு என்றால் இதைத்தான் சொல்வேன். அமெரிக்காவின் லெனார்ட் பெய்லி திருகைச் சுழற்றி அலகை ஏற்றி இறக்கும் வசதியைச் செய்ததும், 1869இல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியதும் அதன்மேல் வைத்த மெருகு.

உயிர் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: அலகில் கூர் இல்லை, அல்லது ரேகைக்கு எதிராகத் தள்ளுகிறீர்கள். பலகையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஃபெவிகால் வருவதற்கு முன் எதை வைத்து ஒட்டினார்கள்?
– வாசகர், விருத்தாசலம்

வச்சிரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. வில்லையாகக் கிடைக்கும். ஊறவைத்து, கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி உருக்கி, சூடு ஆறுவதற்குள் தடவ வேண்டும். நாற்றத்தைப் பற்றிப் பழைய ஆசாரிமாரைக் கேளுங்கள். இதற்கும் எகிப்தில் சித்திரச் சான்று இருக்கிறது. ஏறக்குறைய கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெக்மிரேயின் கல்லறையில், அடுப்பில் பசைப் பானையும் மரத்தகடு ஒட்டும் ஆட்களும் தெரிகிறார்கள். பிடிலைட் நிறுவனம் ஃபெவிகாலைக் கொண்டுவந்தது 1959இல். அடுப்பு தேவையில்லை என்பதே அதன் முதல் வெற்றி. ஆனால் வயலின் செய்கிறவர்கள் இன்றும் பழைய பசையை விடவில்லை. சூடும் ஈரமும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும், பழுது பார்க்கத் திறக்கலாம்.

கேள்வி: ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கிறதே, ஏன் இந்தத் தலைகீழ்?
– வாசகர், ஓசூர்

யார் தலைகீழ் என்பதில் சண்டை இருக்கிறது. எகிப்தியர் இழுத்துத்தான் அறுத்தார்கள். அவர்களுடைய ரம்பத்தின் செம்பு மெத்தென்றது, தள்ளினால் மடங்கிவிடும். நல்ல எஃகு வந்த பிறகும் ஜப்பான் இழுப்பை விடாததற்குக் காரணம், இழுபடும் தகடு தானாகவே விறைத்து நிற்கும் என்பது. அதனால் தகடு மெலிதாக இருக்கலாம், வெட்டும் குறுகலாக விழும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

கேள்வி: பிழைப்புக்கு இல்லாமல் விருப்பத்துக்கு மரவேலை கற்பது எப்போது தொடங்கியது? நான் எதிலிருந்து தொடங்குவது? புத்தக அலமாரி செய்யலாமா?
– வாசகி, தாம்பரம்

விருப்பத்துக்குச் செதுக்கியவர்கள் எக்காலத்திலும் இருந்திருப்பார்கள். தச்சராகப் போகாத பிள்ளைக்கும் மரவேலை வேண்டும் என்று பள்ளிப்பாடமாக்கியதில் முன்னோடி பின்லாந்து. ஊனோ சிக்னேயுஸ் அங்கே 1866இல் மக்கள் பள்ளிகளில் கைவேலையைச் சேர்த்தார். ஸ்வீடனின் நாஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் அதை ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்க, பல நாட்டிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து பழகிப் போனார்கள். கண்ணும் கையும் பழக வேண்டும், உழைப்பின்மேல் மரியாதை வர வேண்டும் என்பது நோக்கம். ஏறக்குறைய அதே எண்ணம் காந்திக்கும் இருந்தது. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில், தமிழ்ச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களும் இருந்தன. அங்கே பெஞ்சு முதல் பெட்டி வரை தாங்களே செய்துகொண்டார்கள். வழிகாட்டியவர் ஹெர்மன் காலன்பாக்.

இப்போது உங்கள் அலமாரி. சாலமனின் பாடத்திட்டம் மாதிரிப் பொருள்களின் வரிசை. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்றுக் கடினம், ஒவ்வொன்றும் வீட்டுக்கு உதவும். முதல் மாதிரிகளுக்கு ரம்பமும் இழைப்புளியும் தேவைப்படாது, கத்தியும் ஒரு துண்டு மரமும் போதும். ஆகவே முதலில் ஒரு தோசைக்கரண்டி செதுக்குங்கள். அலமாரிக்கு மரக்கடை ஓடிவிடாது.