பின்னங்கால் முட்டி பூட்டிக்கிச்சா? கட்டிப்போடாதே தம்பி!

ராத்திரி பூரா லாயத்துல நின்ன இளங்குதிரை, காலையில வெளிய வர்றப்ப ஒரு பின்னங்காலை மட்டும் மடக்க முடியாம பின்னாடி நீட்டியபடியே இழுக்கும். குளம்பு நுனி தரையில தேயும். நாலு எட்டு வச்சதும் வெடுக்குன்னு விட்டுடும். உடனே சுளுக்குன்னு முடிவு பண்ணி, எண்ணெய் தேய்ச்சு, வாரக்கணக்குல கட்டிப்போடுறாங்க. அதைத்தான் வேணாங்கறேன்.

குதிரை நின்னுக்கிட்டே தூங்குது இல்லையா? தொடை எலும்போட கீழ்முனையில, உள்பக்கமா ஒரு மேடு இருக்கு. முட்டிச்சில்லை மேல தூக்கி, அதோட உள்பக்க நாரை அந்த மேட்டுல மாட்டிக்கிட்டா கால் பூட்டிக்கும், தசைக்கு ஓய்வு. நடக்கணும்னா தொடைத் தசைதான் சில்லை விடுவிக்கணும். தசை மெலிஞ்சிருந்தா, பின்னங்கால் அதிக வளைவில்லாம நேரா இருந்தா, பூட்டு சிக்கிக்கும். மட்டக்குதிரைகளுக்கு இது சகஜம். கட்டிப்போட்டா தசை இன்னும் வத்திடும்.

முதல்ல ரெண்டு முட்டியோட முன்பக்கத்தையும் உள்ளங்கையால தடவிப் பாரு. ஒண்ணு மட்டும் நீர்கோத்து மெத்துனு இருந்தாலோ, சுட்டாலோ, விடாம நொண்டினாலோ, இது வெறும் பூட்டு இல்ல. குருத்தெலும்பு பெயர்ந்திருக்கலாம், நார் கிழிஞ்சிருக்கலாம். வேலையை நிறுத்திட்டு எக்ஸ்ரே, ஸ்கேன் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ. சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. வலி மாத்திரை கொடுத்துச் சவாரி ஓட்டுறது பெரிய பாவம்.

கால் பூட்டி நிக்கிறப்ப சாட்டையைத் தொடாதே. தலைப்பக்கம் நின்னு, ரெண்டு மூணு எட்டு பின்னுக்குத் தள்ளு; பல சமயம் அதுலயே விட்டுடும். சில்லை உள்பக்கமா, கீழ்நோக்கி அமுக்குறதை டாக்டர்கிட்ட நேர்ல பார்த்துப் பழகிக்கிட்டுச் செய். குதிரைக்கு நேர் பின்னாடி மட்டும் நிக்காதே.

தசை ஏத்துறதுதான் உண்மையான வைத்தியம். ஊட்டி, கொடைக்கானல்ல இருந்தா மிதமான சரிவே போதும், பொடிநடையா ஏத்தி இறக்கு. சமவெளியில தரையில கட்டைகளை இடைவெளி விட்டுப் போட்டுத் தாண்டி நடக்க வை. முதல் 10, 15 நிமிஷம் நடை மட்டும்தான். நேர்கோட்டுல போகட்டும், கயிறு பிடிச்சுச் சின்ன வட்டத்துல சுத்த விடாதே, ஆழமான மணலும் வேணாம். மீதி நேரம் திறந்தவெளியில உலாவட்டும். பலன் தெரிய வாரங்கள், சில சமயம் மாசங்கள் ஆகும்.

மெலிஞ்ச குதிரைக்குத் தீனியைக் கொஞ்சங்கொஞ்சமா கூட்டு. குட்டிக்குத் தானியத்தை அள்ளிப்போட்டு வேகமா வளர்த்துடாதே, குருத்தெலும்புக் கோளாறுக்கு அதுவும் ஒரு காரணம். லாடம் கட்டுறவர்கிட்ட நுனியை நீளவிடாம உருட்டச் சொல்லு. குளம்பு உள்ளும் வெளியும் ஒரே மட்டமா இருக்கணும்.

"காளைக்கு நாரை வெட்டினாங்க, அன்னிக்கே நடந்துச்சு"ன்னு யாராவது சொல்வாங்க. குதிரைக்கு அவசரப்படாதே. நாரை வெட்டின பிறகு முட்டிச்சில்லு சிதைஞ்சுபோன குதிரைகள் உண்டு. நாரை முழுசா வெட்டாம, சின்னச்சின்னதாக் கீறி அதைத் தடிக்க வைக்கிற முறையும் இருக்கு. பயிற்சி கொடுத்தும் கேக்கலைன்னாதான் அந்தப் பேச்சே.

இன்னொண்ணு, டாக்டர் முன்னாடி நிக்கிறப்ப பாழாப்போன கால் பூட்டவே பூட்டாது. காலையில லாயத்தை விட்டு வர்ற முதல் எட்டையும், சரிவுல இறங்குறதையும், பக்கவாட்டுல ஒண்ணு பின்னாலிருந்து ஒண்ணுன்னு போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கோ.