எலிக் கூடமும் அக்காவின் மூச்சும்

எலிக்கும் மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடுக்கிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர்களும் அதையேதான் கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. போன செமஸ்டரில் ரெப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் பாடத்தில் ‘ஏர் சேஞ்ச்’ என்று இரண்டு பக்கம் வருமே, பரீட்சைக்கு வராது என்று நாம் எல்லோரும் தள்ளிவிட்ட பக்கம், அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் அக்கா கோவையில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் விலங்குப் பராமரிப்பாளர். வெள்ளை எலி, சுண்டெலி இவற்றுக்குத் தீனி வைப்பது, தண்ணீர் பாட்டில் மாற்றுவது, கூண்டு கழுவுவது வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, முதலில் பனியன் கம்பெனி, பிறகு இங்கே. என் பீஸ் அவள் சம்பளத்தில்தான் கட்டப்படுகிறது.

வேலைக்குச் சேர்ந்து முதல் வருடம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருடம் தும்மல் ஆரம்பித்தது. அப்புறம் கண் அரிப்பு, எலி வால் பட்ட இடத்தில் கையில் தடிப்பு. மூன்றாம் வருடம் ராத்திரி இருமல். “சும்மா சளிடா தம்பி, ஏ.சி. ரூம்ல நிக்கிறேன்ல” என்பாள். அம்மா, “தூசிதான் சாமி, மில்லுல இல்லாத தூசியா” என்று முடித்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. காரணம் என் அப்புச்சி.

அப்புச்சி சூலூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கார்டிங்கில் முப்பது வருடம் நின்றவர். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் போனால் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல இருக்குமாம். செவ்வாய், புதன் ஆகும்போது கொஞ்சம் தேவலாம் போல ஆகிவிடும். வெல்லம் தின்றால் பஞ்சு உள்ளே இறங்கிவிடும் என்று ஆளாளுக்கு ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு ‘பிசினோசிஸ்’ என்று பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. 1888 இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் நூற்பாலையைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊரில் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்காத குடும்பம் குறைவு. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் இந்த நோய்க்கு இடம் கொடுத்தார்கள். நம் மாநிலத்தில் ஈ.எஸ்.ஐ. திட்டம் 1955 இல் முதன்முதலில் வந்ததே கோவைக்குத்தான். ஆகவே மில் தூசி என்றால் நமக்குப் புரியும். எலித் தூசி என்று சொன்னால்தான் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

எலிக் கூண்டிலிருந்து என்ன தூசி வருகிறது? எலி முடி என்றுதான் நானும் நினைத்தேன். முடி இரண்டாம் பட்சம். முக்கியக் குற்றவாளி மூத்திரம். எலி, சுண்டெலி இவற்றின் மூத்திரத்தில் ஆரோக்கியமாக இருக்கும்போதே புரதம் ஏராளமாக வெளியேறும். மனிதனுக்கு அப்படிப் போனால் டாக்டர் கிட்னியைப் பார்க்கச் சொல்வார்; எலிக்கு அது இயல்பு. வாசனையால் ஒன்றையொன்று அடையாளம் காண அது உதவுகிறது. சுண்டெலியின் புரதத்துக்கு ‘மஸ் எம் 1’ என்றும் எலியின் புரதத்துக்கு ‘ராட் என் 1’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். பெண் எலியைவிட ஆண் எலி இதைப் பல மடங்கு அதிகம் வெளியேற்றும். எச்சிலிலும் தோல் செதிலிலும்கூட இது உண்டு.

மூத்திரம் கூண்டின் அடியில் விரித்த உமியிலோ மரத்தூளிலோ விழுந்து காய்கிறது. எலி ஓடும்போது பொடியாகி மேலே எழுகிறது. அந்தத் துகள்களில் பல 10 மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமுடியின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்னது உடனே தரையில் படியாது, காற்றில் மிதந்துகொண்டே இருக்கும், மூக்கைத் தாண்டி நுரையீரல் வரைக்கும் போகும்.

உடம்பு முதலில் சும்மா இருக்கும். சிலருக்கு மட்டும் இந்தப் புரதத்தை எதிரி என்று நினைத்து ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம், இரண்டு மூன்று வருடமும் ஆகலாம். அக்காவின் முதல் வருடம் ஏன் சும்மா போனது என்பது இங்கேதான் விளங்கியது. தயாரான பிறகு கொஞ்சம் உள்ளே போனாலே போதும், ஹிஸ்டமின் வெளியாகிச் சில நிமிடங்களில் தும்மல், அரிப்பு. சிலருக்கு இரண்டாவது அலை ஒன்று நாலு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் கழித்து வரும். மத்தியானம் கூண்டு கழுவினவளுக்கு ராத்திரி இருமல் வருவது அதனால்தான். வேலை இடத்தில் நன்றாக இருந்தாளே, வீட்டுக்கு வந்துதானே இருமுகிறாள் என்று நாங்கள் வீட்டுச் சாம்பிராணிப் புகையைத் திட்டிக்கொண்டிருந்தோம்!

அமெரிக்காவில் நியாஷ் என்னும் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1998 இல் விலங்குப் பராமரிப்பாளர்களின் ஆஸ்துமா பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. விலங்குகளைக் கையாளுபவர்களில் சுமார் 33 சதவீதம் பேருக்கு அலர்ஜி அறிகுறிகளும், சுமார் 10 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா அறிகுறிகளும் இருப்பதாக அதில் சொல்லியிருந்தார்கள். உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம் என்பது என் எண்ணம். மூச்சு முட்டுகிறவன் வேலையை விட்டுப் போய்விடுவான், தாங்குகிறவன்தான் கணக்கெடுக்கும் நாளில் அங்கே நிற்பான். மில்லிலும் அப்படித்தானே நடந்தது.

எலியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. நமக்கு மேலே குன்னூரில் 1907 இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் நாய்க்கடிக்கு மருந்து தயாரித்து எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது! வெறிநாய்த் தடுப்பூசிக்கு வீரியம் இருக்கிறதா என்று சுண்டெலியில் சோதித்துப் பார்ப்பது உலகம் முழுவதும் இருந்துவரும் முறை. (அக்கா வேலை செய்யும் இடம் அதுவல்ல.) நாம் கையில் போட்டுக்கொண்ட ஊசிக்குப் பின்னால் எங்கோ ஒருவர் கூண்டு கழுவியிருக்கிறார்.

இனி நம் பாடத்துக்கு வருவோம். விலங்கு ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவின் வழிகாட்டியில் விலங்கு அறைக்கு மணிக்கு 12 முதல் 15 முறை காற்று மாற வேண்டும் என்று இருக்கிறது. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை என்றால் கொள்ளளவு 60 கன மீட்டர். 12 முறை என்றால் மணிக்கு 720 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 12 கன மீட்டர் காற்று வெளியே போய்ப் புதுக்காற்று உள்ளே வர வேண்டும். இதற்கு நல்ல எக்ஸாஸ்டும் டக்டும் வேண்டும்.

அக்கா அறையில் இருப்பது இரண்டு ஸ்பிளிட் ஏ.சி. “ஏ.சி.தான் இருக்குதே, அப்புறம் என்ன?” என்று சூப்பர்வைசர் கேட்டாராம். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்து மறுபடி உள்ளேயே விடுகிறது. வெளிக்காற்று சொட்டுக்கூட வராது. குளுகுளு என்று இருக்கும், தூசி அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். படித்தவர்களே ஏமாறும் இடம் இது. எக்ஸாஸ்ட் பேன் இரண்டில் ஒன்று ரிப்பேர், இன்னொன்றைக் குளிர் போய்விடும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள்.

என்னை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே அக்காவிடம் ஒரு மெல்லிய காகிதக் கீற்று கொடுத்து, கதவுக்கு வெளியே நின்று கதவடி இடுக்கில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். காகிதம் உள்பக்கம் இழுபட வேண்டும், அப்போதுதான் அறைக் காற்று வெளியே கசியவில்லை என்று அர்த்தம். அது வராண்டாப் பக்கம் ஆடியது. அந்த வராண்டாவில்தான் அவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள்.

எக்ஸாஸ்டைச் சரிசெய்தால் எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. நன்றாகக் கலந்த காற்று என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். தூசி கிளப்பும் வேலை நின்ற பிறகு, மணிக்கு 12 மாற்றம் இருந்தால் 5 நிமிடத்தில் 37 சதவீதம் மிஞ்சும், 15 நிமிடத்தில் 5 சதவீதம்தான் மிஞ்சும். நல்ல விஷயம். ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும்போது காற்றை இரண்டு மடங்கு ஆக்கினாலும் தூசி பாதியாகத்தான் குறையும், கரண்ட் பில்லோ ஏறிவிடும். அதுவும் அறையின் சராசரிக் கணக்கு. கூண்டைக் கவிழ்த்து அழுக்குப் படுக்கையைக் கொட்டுகிறவளின் மூக்கு கூண்டுக்கு ஒரு அடி தூரத்தில் இருக்கிறது. சராசரி அவளுக்குப் பொருந்தாது. வேலைகளிலேயே மோசமானது இந்தக் கொட்டும் வேலைதான்.

ஆகவே தூசி கிளம்பும் இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும். காற்றை முன்னாலிருந்து உள்ளே இழுத்து ஹெப்பா பில்டர் வழியே விடும் கொட்டு மேடைகள் இருக்கின்றன. தனித்தனிக் காற்றோட்டம் உள்ள கூண்டு அடுக்குகளும் உண்டு. அதிலும் ஒரு சிக்கல். கூண்டுக்குள் அழுத்தம் கூட வைத்தால் எலிக்கு வெளிக்கிருமி வராது, ஆனால் கூண்டுக் காற்று மனிதன் மேல் கசியும். அழுத்தம் குறைய வைத்தால் மனிதனுக்கு நல்லது, எலிக்கு ஆபத்து. யாரைக் காப்பது என்பது ஒரு வால்வின் செட்டிங்கில் இருக்கிறது. செலவில்லாத வழிகளும் உண்டு. மரத்தூளுக்குப் பதில் மக்காச்சோளச் சக்கைப் படுக்கை போட்டால் காற்றில் அலர்ஜிப் புரதம் குறைவதாகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். உலர்ந்த துடைப்பம் வேண்டாம், ஈரத் துணி போதும். வேலை உடுப்பை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுப் படுக்கையில்கூட எலிப் புரதம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முகமூடி? அக்கா கட்டியிருந்தது துணி. 2020 கொரோனாவுக்குப் பிறகு என்95 என்றால் எல்லோருக்கும் தெரியும். அது முகத்தோடு ஒட்டி இருந்தால் நுண்துகளில் 95 சதவீதமாவது தடுக்கும். மூக்கோரம் இடைவெளி இருந்தால் அந்தப் பலன் குறைந்துவிடும்.

இவ்வளவும் நான் சொன்னபோது அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாங்களாடா?” எனக்குப் பதில் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

டாக்டரிடம் போனோம். முன்னாலும் இரண்டு தடவை போயிருக்கிறாள், சளிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. இந்தத் தடவை, “எலிக் கூண்டு கழுவறனுங்க” என்று முதல் வரியிலேயே சொல்லச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். பீக் புளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கச் சொன்னார். மூச்சை இழுத்து ஒரே வேகத்தில் ஊதினால் முள் நகரும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகம் என்று காட்டும். தினமும் நாலு தடவை, வேலை நாளிலும் லீவு நாளிலும், மூன்று வாரம் எழுதச் சொன்னார்.

எழுதியது அவள், கிராப் ஷீட்டில் போட்டது நான். சர்வே லேபுக்கு வாங்கி மிச்சமிருந்த ஷீட். கூண்டு மாற்றுவது திங்களும் வியாழனும். அந்த இரண்டு நாளும் இரவில் 270, 260 என்று பள்ளம். மற்ற நாளில் 310 பக்கம். பொங்கலுக்குத் தொடர்ந்து நாலு நாள் வீட்டில் இருந்தாள், நாலாம் நாள் 360. அப்புச்சி கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “எனக்குத் திங்கக்கிழமை மட்டுந்தான் கண்ணு, இவளுக்கு வியாழக்கிழமையும் விழுகுதே” என்றார். அவர் சொன்னதுதான் சரி. பஞ்சில் இருக்கும் பாக்டீரியாவின் நஞ்சு செய்வது வேறு, இது வேறு. மில் நோய் லீவு முடிந்த முதல் நாளில் அதிகம். இது கிழமையைப் பார்ப்பதில்லை, கூண்டைப் பார்க்கிறது.

அந்த கிராபையும் டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொண்டு அக்கா சூப்பர்வைசரிடம் தனியாகவே போனாள். நான் வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். வேலை போகவில்லை. தீனி ஸ்டோருக்கும் ரெஜிஸ்டர் எழுதவும் மாற்றினார்கள், எக்ஸாஸ்ட் பேன் ஒன்று ஓடுகிறது. ஆனால் கூண்டு கொட்ட இப்போது புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், அன்னூர் பக்கமாம், பத்தொன்பது வயது. அக்கா அந்தக் குழாயை அவளிடம் கொடுத்து, இப்போது ஒன்றும் இல்லாதபோதே ஊதி எண்ணை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். முதல் நாள் 390 வந்ததாம். ஷீட் இன்னும் என்னிடம் நாலு இருக்கிறது.