கட்டுவதற்கு இங்கிலீஷில் எத்தனை சொல்!



மாட்டைக் 'கட்டிப்போடு' என்கிறோம். புடவையைக் 'கட்டிக்கொள்' என்கிறோம். சாப்பாட்டைக் 'கட்டிக்கொடு' என்கிறோம். 'கட்டு' ஒன்றுதான், பின்னால் சேரும் சொல்லால் அர்த்தம் மாறுது பாருங்க! இங்கிலீஷிலும் இதே கதைதான். 'டை' என்றால் கட்டு. அதோடு ஒரு சின்னச் சொல் சேரும்.

1. டை அப்: அவிழாதபடி நன்றாகக் கட்டுவது. 'டை அப் த பேக்' என்றால் பையின் வாயைக் கட்டு. ஆட்டைக் கட்டிப்போடவும் இதே சொல்தான்.

2. டை டவுன்: ஒரு பொருள் நகராமல், பறக்காமல் அடியில் இருப்பதோடு சேர்த்துக் கட்டுவது. வண்டியில் ஏற்றிய சுமைக்குக் கயிறு போட்டு இறுக்குகிறோமே, அதுதான்.

3. டை டுகெதர்: பலவற்றைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுவது. விளக்கமாற்று ஈர்க்குகளை இப்படித்தான் கட்டுகிறோம்.

4. ராப் அப்: காகிதம், துணியில் சுற்றிப் பொதிவது. கூட்டத்தில் 'லெட் அஸ் ராப் அப்' என்றால் 'முடித்துக்கொள்வோம்' என்று அர்த்தம்.

5. பக்கிள் அப்: காரில் சீட் பெல்ட் மாட்டுவது. 2019 சட்டத் திருத்தப்படி, மாட்டாமல் போனால் 1000 ரூபாய் அபராதம்.

ஒன்றை மறக்காதீங்க. 'அதைக் கட்டு' என்று சொல்லும்போது 'இட்' நடுவில்தான் வரும். 'டை இட் அப்' சரி. 'டை அப் இட்' தவறு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கட்டுவது கயிற்றோடு நிற்பதில்லை, பணத்துக்கும் வருது. 'யுவர் மணி வில் பி டைட் அப் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று ஒருவர் சொன்னால், பணத்தைப் பத்திரமாக முடிந்து வைக்கிறார் என்று நினைக்காதீங்க. 3 வருஷத்துக்கு அந்தப் பணம் நம் கைக்கு எளிதில் வராது என்று அர்த்தம். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்த பணம் அப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? நடுவில் எடுக்கலாமா, எடுத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

'கம்பெனியோடு டை-அப்' என்பது வேறு. அது கூட்டு ஏற்பாடு. அங்கே விலையை யார் வைப்பது, பணம் எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் கேளுங்க. அதிகாரி போனில் 'ஐ ஆம் டைட் அப்' என்றால் முடியாது என்றில்லை, வேலையாக இருக்கிறார். நேரம் கேட்டு மறுபடி பேசுங்க.

பயிற்சி: அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு மூட்டையோ பொட்டலமோ கட்டிக் காட்டி, அதற்குப் பொருத்தமான சொல்லைச் சொல்லணும். வெட்கப்பட வேண்டாம், சொல்லச் சொல்லத்தான் வாயில் வரும்!