பழைய மெத்தை சோபா: வயதறிந்து சீரமைக்கும் வழி

நூறு ஆண்டு பழைய மெத்தை சோபாவின் மேல்துணி பெரும்பாலும் நூறு ஆண்டு பழையதாக இருக்காது. தேய்ந்து கிழிந்தபோதெல்லாம் யாரோ மாற்றியிருப்பார்கள். மரச்சட்டம், அதிலுள்ள ஆணித் துளைகள், ஸ்பிரிங், உள்ளே அடைத்த நார் ஆகியவைதான் உண்மையான வயதைச் சொல்லும். பழுதுபார்க்கிறவர்கள் முதலில் பிடுங்கி எறிவதும் இவற்றைத்தான். எனவே வயதறிவதையும் சீரமைப்பதையும் ஒரே வேலையாகச் செய்யுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் பார்த்துக் குறித்துக்கொண்டே கழற்றுங்கள். பின்னால் வருகிறவர் நீக்க முடியாத எதையும் சேர்க்காதீர்கள்.

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, செய்யப்பட்ட சோபாக்களும், அந்த வடிவத்தைப் பார்த்து இங்கே தேக்கிலும் ஈட்டியிலும் செய்யப்பட்டவையும் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் இன்றும் கண்ணில் படுகின்றன. கீழே உள்ள முறை இரண்டுக்கும் பொருந்தும்.

தேவையானவை: முகக்கவசம், கையுறை, கொட்டாப்புளி, மழுங்கிய உளி, குறடு, கிளாம்புகள், கோணூசி, வளைந்த ஊசி, சணல் பட்டை, சணல் கயிறு, சாக்குத் துணி, காடாத் துணி, அகலத் தலைச் சிற்றாணி, வஜ்ஜிரம், அரக்குச் செதில், ஸ்பிரிட்.

1. கவிழ்த்துப் பாருங்கள்

சோபாவைப் போர்வை மேல் கவிழ்த்து, அடிப்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சட்டத்தின் உட்பக்கம் மெருகேறாமல் இருக்கும்; அங்கே அறுத்த தடம் தெரியும். நேர்க்கோடுகளாக இருந்தால் கைவாளோ நேர்வாள் இயந்திரமோ அறுத்தது. வில்லாக வளைந்த கோடுகள் வட்டவாளின் தடம். 19-ஆம் நூற்றாண்டில்தான் அது பரவலானது. ஒட்டுப்பலகை இருந்தால் அந்தப் பாகம் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

கால் சக்கரங்களையும் விடாதீர்கள். பித்தளையில் சாய்சதுர முத்திரை இருந்தால், அது 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் வடிவப் பதிவுக்கு வழங்கப்பட்ட குறி. 1884 முதல் அதற்குப் பதில் வெறும் பதிவு எண் வந்தது.

2. ஆணியையும் திருகாணியையும் படியுங்கள்

நுனி மழுங்கிய திருகாணி 1840-களுக்கு முந்தைய முறை. கூர்நுனி உள்ளது அதன் பிறகு வந்தது. தலையில் கூட்டல் குறி வெட்டு இருந்தால் 1930-களுக்குப் பிந்தியது. சதுர உடல் கொண்ட ஆணி பழையது. உருண்டைக் கம்பி ஆணி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பெருகியது. ஸ்டேப்பிள் பின் இருந்தால், கடந்த சில பத்தாண்டுகளில் யாரோ துணி மாற்றியிருக்கிறார்கள்.

3. முறை தவறாமல் கழற்றுங்கள்

கடைசியாக அடித்ததை முதலில் எடுக்க வேண்டும்: அடித்துணி, வெளிமுதுகு, வெளிக்கைகள், உள்முதுகு, உள்கைகள், கடைசியாக இருக்கை. ஆணித் தலைக்கு அடியில் உளியை வைத்து, மரத்தின் ரேகை ஓடும் திசையில் தட்டுங்கள். குறுக்கே தட்டினால் சட்டம் பிளக்கும். ஒவ்வொரு அடுக்கையும் படமெடுங்கள். துணித் துண்டுகளில் இடம், மேல், கீழ் என்று எழுதி வையுங்கள். புதுத் துணி வெட்ட அவைதான் அளவு.

பழைய நார்த் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். திறந்த வெளியில், முகக்கவசத்தோடு மட்டும் செய்யுங்கள்.

4. உள்ளே இருப்பதை வைத்து வயதை முடிவு செய்யுங்கள்

சுருள் ஸ்பிரிங் இருக்கைக்கு சாமுவேல் பிராட் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1828-இல். அது பரவிய பிறகுதான் கனத்த மெத்தையும் ஆழமாகப் பட்டன் பதித்த முதுகும் வந்தன. குதிரை மயிரும் தென்னை நாரும் பழைய அடைப்புகள். நம் பக்கத்துச் சோபாக்களில் இலவம்பஞ்சும் கிடைக்கும். ரப்பர் நுரையை டன்லப் நிறுவனம் உருவாக்கியது 1929-இல். இன்றைய பாலியூரித்தேன் ஃபோம் 1950-களில் பரவியது.

ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். ஃபோம் இருப்பதால் சோபா புதிதாகிவிடாது. ஆணித் துளைகளைக் கவனியுங்கள்: பலமுறை துணி மாறிய சட்டம் சல்லடையாகத் துளைபட்டிருக்கும். மூன்று சட்டங்கள் அப்படியிருக்க, நான்காவதில் ஒரே வரிசைத் துளை இருந்தால் அந்தச் சட்டம் மாற்றப்பட்டது. மரம், ஆணி, அடைப்பு, வடிவம் ஆகிய நான்கும் ஒத்துச் சொல்லும் காலமே சோபாவின் காலம்.

5. சட்டத்தை உறுதிப்படுத்துங்கள்

துளைகளிலிருந்து புதிய மாவு உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. மருந்திட்டு, உதிர்வது நின்ற பிறகே மேலே செல்லுங்கள்.

ஆடும் மூட்டில் ஆணி அடிக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரைப் பழைய வஜ்ஜிரத்தில் ஊறவிட்டால் அது இளகும். மூட்டைக் கழற்றி, கழுந்தையும் துளையையும் சுத்தம் செய்து, மீண்டும் வஜ்ஜிரமே இடுங்கள். அதைக் கொதிக்க விடக்கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்க வேண்டும். கிளாம்பு போட்டு ஒரு நாள் விடுங்கள். இன்றைய வெள்ளைப் பசையும் பிடிக்கும். ஆனால் அடுத்த பழுதின்போது எளிதில் விடாது.

6. மெருகைக் காப்பாற்றுங்கள்

மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். மெருகு பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு. உப்புத்தாள் வேண்டாம். பல தலைமுறைக் கை பட்டு வந்த நிறத்தைச் சுரண்டிவிட்டால் திரும்ப வரவே வராது. அழுக்கை மட்டும் துடைத்து, ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குச் செதில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சால் மெல்லிய பூச்சுகளாகத் தேயுங்கள். மழை நாளில் செய்தால் வெள்ளை படரும்.

7. மெத்தையை மீண்டும் கட்டுங்கள்

சணல் பட்டைகளை நெருக்கமாக, குறுக்கும் நெடுக்கும் பின்னி, விறைப்பாக இழுத்து அடியுங்கள். பட்டை தளர்ந்தால் மேலே செய்யும் எல்லாமே தொய்யும். பட்டைகள் சந்திக்கும் இடத்தில் ஸ்பிரிங்கை வைத்துக் கோணூசியால் தையுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் சற்றே அமுக்கி, எட்டுத் திசையிலும் கயிறு கட்டுங்கள். சாய்ந்து நிற்கும் ஸ்பிரிங் சீக்கிரமே துணியைக் கிழிக்கும். இந்த ஒரு கட்டத்துக்கு மட்டுமாவது அனுபவமுள்ள குஷன் தொழிலாளி ஒருவரை அழைத்துக்கொள்வது நல்லது.

அதன் மேல் சாக்குத் துணி. அதன் மேல், கழுவி உலர்த்திப் பிரித்த பழைய குதிரை மயிரோ நாரோ. குறைந்தால் புது நார் சேருங்கள். விளிம்பைத் தைத்து இறுக்கி, காடாத் துணியால் மூடி, மெல்லிய பஞ்சு விரியுங்கள்.

8. மேல்துணி

ஆணித் தலைகளின் அடியில் பழைய துணியின் நூலிழைகள் சிக்கியிருக்கும். அவற்றின் நிறமும் நெசவும் துணி தேர்ந்தெடுக்க நல்ல துணை. இருக்கையில் தொடங்கி, கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகச் செல்லுங்கள். நடுவிலிருந்து ஓரங்களுக்கு இழுத்து, ஆணிகளை முதலில் பாதி மட்டும் அடியுங்கள். சுருக்கம் நீங்கிய பிறகு முழுதாக அடியுங்கள்.

9. குறிப்பு எழுதி உள்ளே வையுங்கள்

அடித்துணியை மூடும் முன், நீங்கள் கண்ட அடையாளங்கள், மாற்றிய பாகங்கள், பயன்படுத்திய பொருள்கள், தேதி ஆகியவற்றைத் தாளில் எழுதி, பழைய துணித் துண்டு ஒன்றோடு உறையிலிட்டு உட்சட்டத்தில் பொருத்துங்கள். அடுத்து இதைத் திறப்பவருக்கு, எது பழையது, எது உங்கள் கைவேலை என்ற சந்தேகம் இருக்கக் கூடாது.